சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா?

கேள்வி: வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டு கோபியில் அவங்க அம்மா வீட்டோடு போய்விட்டார், பையன் படிப்புக்குக்கூடப் பணம் தருவதில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம் என்றால் வக்கீல் ஃபீஸைக் கேட்டாலே மலைப்பாக இருக்குதுங்க. கவர்ன்மென்ட்டில் வக்கீல் வைத்துத் தருவார்களாமே, சம்பளம் வாங்குகிற எனக்கும் கிடைக்குமா? காசு வாங்காத வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா?
வாசகி, பல்லடம்

பதில்: தாராளமாகக் கிடைக்கும் அம்மணி. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி பெண்களுக்கு வருமானமே பார்ப்பதில்லை, உங்கள் சம்பளச் சீட்டை யாரும் கேட்கப்போவதும் இல்லை. குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அங்கே நடந்ததை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். முதலில் போனில் விசாரிக்க 15100. ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பையனின் பிறப்புச் சான்று, அப்புறம் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், என்ன வருமானம் என்று உங்களுக்குத் தெரிந்த விவரம், இவ்வளவு கையில் இருந்தால் போதும். கோபிக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். ஜீவனாம்சத்துக்கு இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுதான் 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுச் சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது, பெயர் மாறியதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

அந்த வக்கீலுக்கு ஆணைக்குழு ஃபீஸ் கொடுக்கிறது, கோர்ட் செலவும் அவர்கள் பொறுப்பு. அதனால் உங்களிடம் டீச் செலவுக்கு என்று கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள், நேராக அந்த அலுவலகத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒழுங்காக நடத்துவாரா என்றால், நல்லவரும் உண்டு, வாய்தா மேல் வாய்தா வாங்குகிறவரும் உண்டு, காசு வாங்குகிற வக்கீல்களிலும் அப்படித்தானே! சரிப்படவில்லை என்றால் வேறு வக்கீல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும், சொந்தக்காரர்கள் பேசிப் பார்க்கிறோம் என்று இழுத்தடிப்பதற்குத் தலையாட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது, நீங்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பையனுக்குத்தான் நஷ்டம். பேச்சுவார்த்தை மனுப் போட்ட பிறகும் நடக்கலாம். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்தே கேளுங்கள், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: பங்காளியோடு வரப்புத் தகராறு, கேஸ் வருஷக்கணக்கில் கிடக்கிறது. மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாமாங்க?
வாசகர், காங்கேயம்

பதில்: பங்காளியும் சமாதானத்துக்கு இறங்கி வந்தால் போகலாமுங்க, அவர் முறுக்கிக்கொண்டு நின்றால் கேஸ் பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிவிடும். முடிந்துவிட்டால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பி வரும். ஆனால் அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது, எனவே சர்வேயரை வைத்து அளந்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை என்று தாளில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.