பல் பிடுங்கிய பிறகு இரவெல்லாம் ரத்தம் கசியுமா?

கேள்வி: போன மாதம் என் அம்மாவுக்கு (வயது 66) ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ரத்தம் நிற்க வேண்டும் என்று அடிக்கடி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தேன். அப்படியும் விடியும்வரை எச்சிலில் சிவப்பு, தலையணையில் கறை. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அடுத்த வாரம் இன்னொரு பல். அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? - வாசகி, ஈசூன்

பதில்: நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினால் கசிவு கொஞ்சம் நீளலாம், ஆனால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மாத்திரையை விட்டு இதயத்தில் அடைப்பு வந்தால் அது வேறு கதை. அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும், மீன் எண்ணெய் மாத்திரை உட்பட, பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் 24 மணி நேரம் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். ஒரு துளி ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். போன தடவை அந்த உப்புத் தண்ணீரே கசிவை நீட்டித்திருக்கலாம். குழியில் உறையும் ரத்தம்தான் காயத்துக்கு மூடி. கொப்பளித்தாலும் துப்பினாலும் ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். முதல் நாள் இது எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்து, அதுவும் மெதுவாக.

கசிந்தால் சுத்தமான காஸ் துணியை ஈரமாக்கி, கெட்டியாக மடித்து, சரியாகக் குழியின்மேல் வைத்து 30 நிமிடம் கடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பல்லில் உட்கார்ந்தால் பயனில்லை. நடுநடுவே எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது, பார்க்காதீர்கள். காஸ் இல்லையா? டீ பேக்கை நனைத்துப் பிழிந்து அதேபோல் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். குடிக்கிற சூடான தே மட்டும் அன்றைக்கு வேண்டாம். படுக்கும்போது தலையை உயர்த்தி வையுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

இரண்டு தடவை இப்படி அழுத்தியும் வாய் மறுபடி மறுபடி ரத்தத்தால் நிறைந்தால், பல் மருத்துவரை அழையுங்கள். இரவானால் மருத்துவமனை அவசரப் பிரிவு. மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்). மூன்றாம் நாள் வாக்கில் வலி குறையாமல் கூடினாலும் காட்டிவிடுங்கள்.

அப்புறம், முடிந்தால் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கசிவு நிற்காவிட்டால் கிளினிக் மூடுவதற்குள் திரும்பிப் போக வசதி.