எண்ணுக்கு வாடகை

அன்புள்ள ஐயா,

வணக்கம். கைபேசி நம் வீடுகளுக்குள் வந்த கதையைப் பற்றி எழுதிய கட்டுரையில், 2016க்குப் பிறகு டேட்டா மலிவானதை நம் காலத்தின் பெரிய வரவுகளில் ஒன்று என்று சொல்லியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே கிராமத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு 71 வயது. பட்டன் போன் வைத்திருக்கிறார். பேசுவதைத் தவிர அதில் வேறெதுவும் செய்ய அவருக்குத் தெரியாது. அந்தப் போனுக்கு 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் போடுகிறேன். அவர் தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தானே இந்தக் காசு? மாதம் என்று சொல்லாமல் சொல்லி 28 நாளில் முடித்துவிடுவது பட்டப்பகல் மோசடி இல்லையா? சென்ற மாதம் வேலை மும்முரத்தில் பத்து நாள் மறந்துவிட்டேன். இன்கமிங்கும் நின்றுபோய், பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிட்டுத் தரச் சொல்ல வேண்டியதாயிற்று. "டேட்டாவுக்கு எப்படியும் காசு கட்டுகிறோம், அத்தைக்கு ஒரு டச் போனே வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் அந்தக் கட்டுரையை எடுத்து மறுபடி பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. அதில் உங்கள் அம்மா இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்பு ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் வரை கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் பக்கம் நின்று அதை எழுதியிருக்கிறேன். அன்று மாதம் முழுவதற்கும் வாங்கிய அந்த ஒரு ஜிபியை இன்று ஒரே நாளில் செலவழிக்கிறோம் என்பது உண்மைதான், அதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அதே நிகழ்வின் இன்னொரு முனையில், போனைப் பேசுவதற்கு மட்டும் வைத்திருந்தவர்களுக்குச் செலவு ஏறியது என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

முதலில் அந்த 28 நாள். அதைப் பட்டப்பகல் மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 28 நாள் என்று எழுதித்தான் விற்கிறார்கள். நான்கு வாரத்தை மாதம் என்று நாமே எண்ணிக்கொள்ள விடுகிறார்கள் என்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, மறுக்கவில்லை. கணக்குப் போட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று முறை போடுகிறோம், உங்கள் கணக்கில் கூடுதலாக 199 ரூபாய். இதைப் பற்றிப் பலரும் முறையிட்ட பிறகு, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை இருக்கின்றன, கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், கேட்டால் தருவார். நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுவல்ல, அம்மாவுக்கு இன்கமிங் நின்றுபோனதே அந்த இடம். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அந்த நாட்களில் அழைத்தவரும் காசு கொடுத்தார், எடுத்தவரும் காசு கொடுத்தார். கைபேசி வைத்திருந்த என் நண்பர் ஒருவர் மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டித்து, தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு நடந்துபோய்த் திருப்பிக் கூப்பிடுவார். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. அதன் பிறகுதான் பால்காரர் கையிலும் கொத்தனார் கையிலும் போன் வந்தது என்று நான் நினைக்கிறேன். விலை குறைந்ததைவிட இது பெரிய திருப்பம். போன் கூப்பிடுவதற்கான கருவி என்பது மாறி, கூப்பிடப்படுவதற்கான கருவியாகவும் ஆனது. பத்து ரூபாய் கூப்பனை நகத்தால் சுரண்டிப் போட்டுக்கொண்டு, அதை மூன்று மாதம் கரைக்காமல் வைத்திருந்து, வேண்டும்போது மிஸ்டு கால் மட்டும் கொடுத்து வாழ்ந்த லட்சக்கணக்கான பேர் உண்டு. ஒரு ரிங் என்றால் வீடு வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடு என்று எங்கள் வீட்டிலேயே ஒரு மொழி இருந்தது. 2006 வாக்கில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம் கார்டு' என்று விற்றார்கள். ஆயுளுக்கும் இன்கமிங் வரும் என்று நம்பி வயதானவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். யாருடைய ஆயுள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்படி ஒரு காசும் போடாமல் போன் வைத்திருந்தவர்களை நிறுவனங்கள் ஏன் அத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வலைப்பின்னலிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு போனால், அழைத்தவரின் நிறுவனம் எடுத்தவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுக்க வேண்டும். உங்கள் அம்மா ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும், வேறு நிறுவனத்து எண்ணிலிருந்து நீங்கள் அவரை அழைத்துப் பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவருடைய நிறுவனத்துக்குக் காசு வந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவரும் அன்று வருமானம்தான். அந்தத் தொகை 20 பைசாவாக இருந்து, 2015இல் 14 ஆகி, 2017 அக்டோபரில் 6 ஆகி, 2021 ஜனவரி முதல் தேதியில் பூஜ்யமானது. ஆறு பைசாவாக இறங்கிய அடுத்த ஆண்டே, 2018இன் இறுதியில், 28 நாளுக்கு 35 ரூபாயாவது போடாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்று பெரிய நிறுவனங்கள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கின. அழைப்பைக் கேட்பவர் வருமானம் என்ற ஏட்டிலிருந்து செலவு என்ற ஏட்டுக்கு மாறிவிட்டார்.

அந்தச் சில பைசாவுக்கு எவ்வளவு மல்லுக்கட்டு நடந்தது என்பதற்கு ஒரு சின்ன சாட்சி சொல்கிறேன். 2019இல் போன் சரியாக அடிப்பதற்குள் நின்றுபோகிறது என்று பலரும் புலம்பினார்கள், நினைவிருக்கிறதா? மணி அடிக்கும் நேரத்தை 20, 25 விநாடியாகக் குறைத்தால், எடுக்காமல் போன அழைப்பைப் பார்த்து மறுமுனையில் இருப்பவர் திருப்பிக் கூப்பிடுவார்; அப்போது பைசா கொடுக்க வேண்டியவர் அவருடைய நிறுவனம். ஒரு நிறுவனம் குறைக்க, மற்றவையும் குறைத்தன. நாம் வீட்டுக்குள் விளையாடிய மிஸ்டு கால் விளையாட்டை அவர்கள் கோடிக் கணக்கில் விளையாடினார்கள். கடைசியில் கைபேசிக்கு 30 விநாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 விநாடி என்று அந்த நவம்பரில் டிராய் வரையறுத்தது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு, மூட்டுவலியோடு கூடத்துக்கு வந்து, மாடத்தில் இருக்கும் போனை எடுக்க உங்கள் அம்மாவுக்கு எத்தனை விநாடி ஆகும் என்பதை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

ஆண்டுக்கு 13 முறை 35 ரூபாய் என்றால் 455 ரூபாய். அந்தக் கீழ்மட்டத் தொகை 2021இல் 99 ஆனது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு நீங்கள் போடும் 199இல் ஆண்டுக்கு 2,587 ரூபாய். இதுவும்கூடப் பல நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவுதான் என்று நிறுவனங்கள் சொல்லும், அதுவும் உண்மையே. என் வாதம் விலையைப் பற்றியது மட்டுமல்ல. முன்பு நாம் அழைப்பை வாங்கினோம். வாங்கிய அளவுக்குப் பேசினோம், காசில்லாதபோது பேசாமல் இருந்தோம். இப்போது கொடுப்பது எண்ணுக்கான வாடகை. பேசினாலும் பேசாவிட்டாலும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதற்கிடையில் ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, சிலிண்டர் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த எண்ணில் கட்டிவிட்டோம். ஆகவே குடியிருப்பவருக்குக் காலி செய்யும் துணிவும் கிடையாது.

சோழவந்தானில் இருக்கும் என் அத்தை கொரோனா காலத்தில் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனவர், பட்டன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்ப ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் எண் முடக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விட்டது. புது எண் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் பழைய எண் எங்கெங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்றுகொண்டு, "கோடு சொல்லுங்கம்மா" என்கிறார். சிலிண்டரை ஒப்படைக்கப் போனுக்கு வரும் ரகசிய எண்ணைத்தான் கேட்கிறார்; அத்தையின் புது எண்ணுக்கு அது வரவில்லை. நான் அங்கேதான் இருந்தேன், என்ன செய்வதென்று தெரியாமல் பழைய எண்ணுக்கே கூப்பிட்டேன். ஓசூரில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "சோழவந்தான் சிலிண்டருங்களா? இப்பதாங்க வந்துச்சு, இருங்க பாத்துச் சொல்றேன்" என்று நான்கு இலக்கங்களையும் சொன்னார். அத்தையின் வங்கிக் கணக்கிலிருந்து வரும் குறுஞ்செய்திகளும் தமக்கு வருவதாகவும், முதியோர் பணம் ஏறியிருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். நல்ல மனிதர் கையில் அகப்பட்டது எங்கள் அதிர்ஷ்டம். வங்கியில் எண்ணை மாற்ற மறுநாளே அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தில் 'பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி' என்று ஒரு கட்டம் இருந்தது.

இனி உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் உள்ள சிக்கனம் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நானே இரவு பதினொன்றரை மணிக்கு, மிச்சமிருக்கும் டேட்டா பன்னிரண்டுக்குக் காலாவதியாகிவிடுமே என்று வேண்டாத காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டீ குடிக்கப் போனவரிடம் இங்கே ஃபுல் மீல்ஸ் டோக்கன்தான் உண்டு என்று சொல்லி வாங்க வைத்துவிட்டால், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே வரலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் அம்மா கேட்டது டீ. அவராகவே பேரக்குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேச ஆசைப்பட்டால் உடனே டச் போன் வாங்கிக் கொடுங்கள், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கட்டிய காசுக்கு ஈடாக வேண்டும் என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். பட்டனை விரலால் தடவியே நம்பரை அழுத்தும் பழக்கமுள்ளவருக்கு, கண்ணாடித் திரையில் எந்தப் பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் இழுத்தால் அழைப்பை எடுக்கலாம் என்பது 71 வயதில் சின்னப் பாடம் இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் குரல்களும், தொட்டவுடன் எதையோ இறக்கிவைக்கும் இணைப்புகளும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

அம்மாவுக்குத் தேவையான டீ இப்போது கிடைக்கிறது என்பதுதான் உங்களுக்கு நான் தரக்கூடிய உருப்படியான செய்தி. டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைத் தனியாக விற்க வேண்டும் என்றும், அத்தகைய திட்டங்களின் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அடுத்த மாதமே நிறுவனங்கள் அவற்றைக் கொண்டுவந்தன. 84 நாளுக்கு 448 முதல் 470 ரூபாய் வரையிலும், 365 நாளுக்கு 1,849 ரூபாயிலும் அப்போது அறிவித்தார்கள். முதலில் இதைவிடக் கூடுதலாகச் சொல்லி, சில நாளில் குறைத்த விலை அது. இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விலைப்படி பார்த்தாலே ஆண்டுக்கு 738 ரூபாய் மிச்சம்; அதைவிட முக்கியம், பதின்மூன்று முறை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒருமுறையாகிவிடுகிறது. டேட்டாவை எடுத்துவிட்டும் விலை இவ்வளவுதான் குறைந்தது என்பதிலிருந்தே, நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மாவின் போன் பழைய 2ஜி வகை என்றால் ஜியோவின் சிம் அதில் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி சேவையே கிடையாது. மறதிக்கு மாற்றாக இன்னொன்று: 90 நாள் தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் எண்ணை முடக்கலாம் என்றும், அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைக் காக்க வேண்டும் என்றும் 2013 முதலே விதி இருக்கிறது. 2025 ஜனவரியில் இது ஏதோ புதுச் சலுகைபோல வாட்ஸப்பில் சுற்றியது. இது எண்ணைக் காப்பாற்றுமே ஒழிய இன்கமிங்கைத் திறந்துவைக்காது. என்றாலும் கணக்கில் இருபது ரூபாய்க்குக் குறையாமல் இருக்கும்படி டாப்-அப் போட்டுத் தொடாமல் வைத்திருங்கள்.

அத்தைக்கு இப்போது ஆண்டுக்கொரு முறை பொங்கலை ஒட்டிப் போட்டுவிடுகிறேன். யாராவது எண் கேட்டால் அவர் இன்னமும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார், அதுதான் மனப்பாடம். ஓசூர்க்காரரும் சலிக்காமல், "அவங்க நம்பர் மாறிடுச்சுங்க, எழுதிக்கிறீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.