போனில் இருக்கும் சா, பா ஃபில்டர்களைச் செயல்திறன் குறையாமல் இன்னும் சிறிதாக்க முடியாதா?

பிராசஸரெல்லாம் நானோமீட்டர் கணக்கில் சுருங்கும்போது வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) ஃபில்டர் மட்டும் ஏன் இன்னும் மில்லிமீட்டரில் நிற்கிறது, அதையும் சுருக்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த ஃபில்டர்கள் ரேடியோ சிக்னலை ஒலி அலையாக மாற்றி வடிகட்டுகின்றன: அலை படிகத்தின் மேற்பரப்பில் ஓடினால் சா (SAW), படலத்தின் தடிமனுக்குள் ஓடினால் பா (BAW). ஆனால் அலையைப் பொறுத்தவரை சுருக்க வேண்டியதை எப்போதோ சுருக்கியாகிவிட்டது. மிச்சமிருக்கும் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆர்எஃப் சுற்றுகள் பொதுவாக ஒன்றோடொன்று பொருந்தும் 50 ஓம் மின்மறுப்பு, ஓரத்தில் கசியும் ஆற்றல், சூடு, மேல் மூடி, இவ்வளவுதான்.

1 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் காற்றில் 30 சென்டிமீட்டர். அதையே லித்தியம் டேன்டலேட் மாதிரி ஒரு பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும்) படிகத்தின் மேல் ஒலி அலையாக மாற்றினால், வேகம் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டராகக் குறைந்து, அலைநீளம் 4 மைக்ரானுக்கு வந்துவிடுகிறது. 1965-இல் பெர்க்லியில் ஒயிட், வோல்ட்மர் இருவரும் குவார்ட்ஸ் மேல் சீப்புப் பல் போன்ற மின்முனைகளை வைத்துக் காட்டியது இந்த வித்தையைத்தான். அந்தப் பல்லின் அகலம் கால் அலைநீளம். 1 கிகாஹெர்ட்ஸில் 1 மைக்ரான், 2.5-க்குப் போனால் 0.4. அதற்கும் கீழே போனால் பல்லின் மின்தடை ஏறும், சிக்னல் அங்கேயே சூடாகக் கரையும். அதோடு அதிர்வின் அழுத்தத்தில் அலுமினிய அணுக்களே இடம் மாறி, ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கம் மேடு என்று ஆகி, கடைசியில் பக்கத்துப் பல்லோடு ஷார்ட் ஆகிவிடும். மேல் அலைவரிசைகளில் பா ஃபில்டர் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பா-வில் அதிர்வெண்ணைத் தருவது படலத்தின் தடிமன். அப்படியானால் பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் 50 ஓம் வருகிறது. ரெசனேட்டர், அதாவது ஃபில்டருக்குள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் ஒவ்வொரு துண்டும், மின்சாரக் கண்ணில் ஒரு கெப்பாசிட்டர். 2 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 50 ஓம் காட்ட வேண்டுமென்றால் 1.6 பிக்கோஃபாரட் வேண்டும். அலுமினியம் நைட்ரைடு படலம் 1 மைக்ரானுக்குச் சற்று மேலே இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பக்கம் சுமார் 150 மைக்ரான் உள்ள சதுரம் வருகிறது. அதிர்வெண் இரட்டிப்பானால் தடிமனும் பாதி, வேண்டிய கெப்பாசிட்டன்ஸும் பாதி, ஆகவே பரப்பு நாலில் ஒன்று. அதாவது மேலே போகப் போக அது தானாகவே சுருங்குகிறது, நாம் கேட்காமலேயே!

சரி, 100 ஓமுக்கு வடிவமைத்தால் பாதிப் பரப்பு போதுமே? போதும். ஆனால் பவர் ஆம்ப்ளிஃபயர் பக்கமும் ஆன்டெனா பக்கமும் அதற்கேற்ப மாற வேண்டும், இல்லையென்றால் மேட்சிங் இன்டக்டர் போட வேண்டும், அந்த இன்டக்டர் நீங்கள் மிச்சம் பிடித்த இடத்தை விடப் பெரிதாக இருக்கும். இது போக, பரப்பு குறையும்போது சுற்றளவு அதே வேகத்தில் குறைவதில்லை. ஒலி பக்கவாட்டில் கசிவது ஓரத்தில்தான். ஓரத்தின் பங்கு கூடினால் க்யூ (அதிர்வின் ஆற்றலை வீணாக்காமல் தக்கவைக்கும் அளவு) விழும், க்யூ விழுந்தால் இழப்பு ஏறும், ஃபில்டரின் செங்குத்தான சரிவு மழுங்கும். எஃப்-பார் (அடியில் காற்றுவெளி விட்ட பா வகை) படங்களில் ரெசனேட்டர்கள் எந்தப் பக்கமும் இன்னொன்றுக்கு இணையாக இல்லாத கோணல் ஐங்கோணமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டு அலை நேருக்கு நேர் எதிரொலித்து வேண்டாத துடிப்புகளைக் கிளப்பாமல் இருக்கத்தான் அந்தக் கோணல்.

சூடு தனிக்கதை. அமெரிக்காவின் பிசிஎஸ் என்ற மொபைல் பேண்டில் போன் அனுப்புவது 1910 மெகாஹெர்ட்ஸ் வரை, வாங்குவது 1930-இலிருந்து. இடைவெளி வெறும் 20, அதாவது சுமார் ஒரு சதவீதம். அலுமினியம் நைட்ரைடு ரெசனேட்டரின் அதிர்வெண் டிகிரிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே நகரும். 60 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மெகாஹெர்ட்ஸ் போய்விடும். ரெசனேட்டர் சிறிதானால் அதே வாட் குறைந்த பரப்பில் இறங்குகிறது, எஃப்-பாரில் அடியில் காற்றுதான், சூடு வெளியேற விளிம்பை விட்டால் வழியில்லை. சரிவு கீழே நகர்ந்தால் 1910-இல் இழப்பு கூடும், அந்த இழப்பு இன்னும் சூடாகும், இன்னும் நகரும். அதனால்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து ரெசனேட்டரை இரண்டாகப் பிரித்துத் தொடராக வைக்கிறார்கள். மொத்த கெப்பாசிட்டன்ஸ் மாறாமலிருக்க ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பரப்பு, ஆக மொத்தம் நாலு மடங்கு! சிறிதாக்கு என்று மேலே இருப்பவர் கேட்கும் அதே நேரத்தில் கீழே ஒருவர் இடத்தை வாரி இறைத்துக்கொண்டிருப்பார், அவர் செய்வதுதான் சரி.

அப்படியானால் எங்கேதான் சுருக்குவது? என் கருத்தில் முதலில் பேக்கேஜ். அதிரும் பரப்பின் மேல் எதுவும் படக்கூடாது, காற்றுவெளி வேண்டும், அதற்காக முன்பெல்லாம் செராமிக் பெட்டிக்குள் சிப்பை வைத்தார்கள். தனித்தனி சிப்பாக வெட்டும் முன் வேஃபர் நிலையிலேயே சிலிக்கான் மூடி ஒட்டும் முறை வந்ததும் மூடிக்காக வீணான இடம் பெருமளவு போய்விட்டது. இன்று 1.1-க்கு 0.9 மில்லிமீட்டரில் சா ஃபில்டர் சாதாரணமாகக் கிடைக்கிறது.

அடுத்தது பொருள். 2009-இல் ஜப்பானில் அகியாமா குழு அலுமினியம் நைட்ரைடில் 43 சதவீதம் வரை ஸ்கேண்டியம் கலந்தபோது பீசோ விளைவு ஐந்து மடங்கானது. மின்கடத்தா மாறிலியும் ஏறுவதால் அதே கெப்பாசிட்டன்ஸுக்குப் பரப்பு குறைவு, பேண்டும் அகலம். ஆனால் ஸ்கேண்டியம் ஏற ஏற க்யூ இறங்கும், இலவசமாக எதுவும் இல்லை. எனக்கு அதிகம் பிடித்தது முராட்டா கொண்டுவந்த ஐ.எச்.பி. சா மாதிரியான அடுக்கு அமைப்பு: தடித்த படிகத்துக்குப் பதில் மெல்லிய லித்தியம் டேன்டலேட், அடியில் சிலிக்கான் டையாக்சைடு, அதற்கும் கீழே ஒலி வேகமாகப் போகும் அடுக்கு. அலை ஆழத்துக்குக் கசியாமல் மேலேயே நிற்பதால் க்யூ ஏறுகிறது, சூட்டில் நகர்வதும் குறைகிறது. க்யூவில் கொஞ்சம் கையிருப்பு இருந்தால்தான் அளவைக் குறைப்பதற்கு அதைச் செலவு செய்ய முடியும்.

5ஜி-யின் என்77 பேண்டில் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. 3.3 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ், 900 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதாவது 24 சதவீதம். சுத்தமான அலுமினியம் நைட்ரைடின் கப்ளிங் (மின் ஆற்றல் அதிர்வாக மாறும் திறன்) 6-7 சதவீதம்தான், அதிலிருந்து வரும் பேண்ட் தோராயமாக அதில் பாதி. அதனால் அங்கே எல்சி (இன்டக்டர்-கெப்பாசிட்டர்) சுற்றுகளே ஓடின, லித்தியம் நையோபேட் மெல்லிய படலத்தில் எக்ஸ்-பார் என்ற புது வகை ரெசனேட்டர் போன்றவை அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன.

இதைப் ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், பேப்பரில் சதுர மில்லிமீட்டரைப் பார்ப்பதற்கு முன் கப்ளிங்கையும் க்யூவையும் பெருக்கிப் பாருங்கள். அப்புறம் அந்த அளவீடு 25 டிகிரியில், சின்ன சிக்னலில் எடுத்ததா, 85 டிகிரியில் முழு பவரோடு எடுத்ததா என்று தேடுங்கள். "அளவு பாதி, செயல்திறன் அதே" என்று போட்டிருக்கும் பல இடங்களில் இரண்டாவது கிராஃப் இருக்காது.