பெருசு எது, புழு யாரோடது?

வணக்கம் சார். உலகத்துலயே பெரிய அந்துப்பூச்சி அட்லஸ்னுதான் படிச்சோம். இப்ப ஒரு வீடியோல ஒயிட் விட்ச்தான் பெருசுங்கறாங்க, அதோட புழுன்னு வெள்ளை மாவு பூசின மாதிரி ஒரு பச்சைப் புழுவையும் காட்டுறாங்க. நிஜமா?
– ஒரு வாசகர்

வணக்கம். பெருசுங்கறது எதை அளக்குறீங்கங்கறதப் பொறுத்தது. ஒயிட் விட்ச், அதாவது தைசானியா அக்ரிப்பினா, ரெக்கைய விரிச்சா இந்த நுனில இருந்து அந்த நுனி வரைக்கும் 30 செ.மீ. கிட்ட போகும், ஸ்கூல் ஸ்கேல் நீளம், அதுல அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ரெக்கை ஒடுக்கம். பரப்பளவுன்னு வந்தா ஆசியாவோட அட்லஸும் நியூ கினியா, ஆஸ்திரேலியா பக்கத்து ஹெர்குலிஸும் முந்திடும். எனக்கு இந்தப் போட்டில பெரிய ஆர்வம் இல்ல. அட்லஸ் வளந்தப்புறம் வாயே வேலை செய்யாது, புழுவா இருந்தப்ப சேத்து வெச்ச கொழுப்புல கொஞ்ச நாள் ஓட்டிட்டு செத்துடும், ஒயிட் விட்சுக்கு உறிஞ்சுகுழல் இருக்கு, நல்லா பறக்கும், மெக்சிகோல இருந்து தெற்கு பிரேசில் தாண்டியும் இருக்கு, சில சமயம் டெக்சாஸ் வரைக்கும் வழி தவறிப் போயிருக்கு. வெளிறின ரெக்கைல பழுப்புக் கோடு நெளிநெளியா ஓடுறதால மரப்பட்டைல ஒக்காந்துச்சுன்னா கண்ணுலயே படாது.

அந்தப் பச்சைப் புழு அட்லஸோடது, வீடியோக்காரங்க மாத்திப் போட்டுட்டாங்க.

சிரிக்காதீங்க, மரியா சிபில்லா மெரியனே இதுல சறுக்கியிருக்காங்க! எந்தப் புழு எந்தப் பூச்சியா மாறுதுன்னு வளத்துப் பாத்து வரையறதையே வாழ்க்கையா வெச்சிருந்த அம்மா, 1699ல 52 வயசுல, பெயிண்டிங் எல்லாம் வித்த காசுல, சின்னப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு தென் அமெரிக்காவுல இருக்குற சுரினாம் போனாங்க. உடம்பு முடியாம 1701ல திரும்பி, 1705ல புத்தகம் போட்டாங்க. அதுல ஒயிட் விட்ச் படத்துல கூட இருக்குற புழு அதோடதே இல்ல. காய்ச்சலோட காட்டுல அலைஞ்சு அவங்க செஞ்ச வேலைக்கு முன்னாடி இது ஒரு பொருட்டா என்ன, வீடியோவுக்குத்தான் அந்த சலுகை கிடையாது.

அப்ப ஒயிட் விட்சோட நிஜப் புழு எதுன்னா, அது இன்னும் சரியாத் தெரியல. பூச்சி லைட்டுக்குத் தானா வந்துடும், அதான் மியூசியத்துல எல்லாம் இருக்கு, புழு அப்படி வராதே. இதோட நெருங்கின சொந்தமான தைசானியா ஜெனோபியாவோட புழு அவரைக் குடும்பத்துச் சென்னா, காசியா வகைச் செடிகளைத் தின்னும், அதனால ஒயிட் விட்ச் புழுவையும் அதே குடும்பத்து மரங்கள்லதான் தேடிப் பாக்கணும்.