மூன்றாவது முறை நீட் வேண்டாம், அவள் கட்டடமும் பாக்டீரியாவும் படிக்கட்டும்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்புவதா, தாய்மாமா சொல்கிறபடி நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதா என்று கேட்கிறார். கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: மகளுக்குப் பிடித்தது பாக்டீரியா, பூஞ்சை பற்றிப் படிப்பதும் வீட்டு பிளான் வரைவதும்தான். அதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

உங்கள் கவலை புரிகிறது சார். ஆனால் மூன்றாவது வருடம் வேண்டாம். டாக்டராக வேண்டும் என்று அவள் சொன்னதாக நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை, சொல்வதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். வெளிநாட்டில் முடித்துவிட்டு வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு செய்ய முடியும். விருப்பமில்லாத பிள்ளைக்காக நிலத்தை விற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நர்சிங், வேளாண்மை, கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அவளுக்குப் பிடித்த அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுவோம். அவை இன்று ஒரே துறைக்குள் சேர்ந்துவிட்டன.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர், விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட்டை உருவாக்கினார். கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தாங்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகளையும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலவையில் சேர்த்துவிடுவார்கள். வித்துகள் உள்ளே தூங்கிக் கிடக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கியதும் விழித்து, உணவைத் தின்று, சுண்ணாம்புக் கல்லை உண்டாக்கி விரிசலை மூடும். 0.8 மில்லிமீட்டர் அகலம் வரையான விரிசல்களை இப்படி அடைக்க முடிந்திருக்கிறது. தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும் வீடுகளை நம் கடலோர ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வேதனைக்கான மருந்து இது.

அமெரிக்காவில் ஜிஞ்சர் க்ரீக் டோசியர் என்ற கட்டடக்கலைஞர், சூளையே இல்லாமல் பாக்டீரியாவைக் கொண்டு மணலைக் கல்லாக இறுகவைக்கும் முறைக்கு ஒரு நிறுவனமே தொடங்கினார். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2013-ல் கட்டிய பி.ஐ.கியூ. என்ற குடியிருப்பின் வெளிச்சுவரில் 129 கண்ணாடிப் பலகைகள். அவற்றுக்குள் பாசி வளர்கிறது, பாசியிலிருந்து எரிபொருளும் அதே பலகைகளிலிருந்து வெப்பமும் எடுக்கிறார்கள். இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலவு மண்ணைப் போன்ற மண்ணில் பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பிசின் கலந்து செங்கல் செய்து 2020-ல் காட்டின. யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியாவும் வரும். அதை என்ன செய்வது என்பது இந்தத் துறையில் இன்னும் வேலை பாக்கியிருக்கும் கேள்வி. உங்கள் மகள் மாதிரி இரண்டு பக்கமும் தெரிந்த பிள்ளைகள் தேவைப்படுவது இங்கேதான்.

சரி, வழி என்ன? ஐந்து வருட பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டப் படிப்பு. அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம், அவளிடம் இரண்டும் இருக்கின்றன. பி.ஆர்க். சேர்க்கைக்கான 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதட்டும். திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஜே.இ.இ. மெயினின் கட்டடக்கலைத் தாள் தனி. வரையும் கை உள்ள பெண், இந்தத் தயாரிப்பு அவளுக்குப் பாரமாக இருக்காது. (கணிதம் எடுக்காத பிள்ளைகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி வழியாக இதே துறைக்கு வரலாம். யோங்கர்ஸ் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.)

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 'நுண்ணுயிர்க் கட்டடக்கலைஞர் தேவை' என்று நம் ஊர் பேப்பரில் விளம்பரம் வராது. அதனால்தான் பி.ஆர்க்.கை அடித்தளமாகச் சொல்கிறேன். முடித்ததும் கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் சாதாரண வீடு, பள்ளிக்கூடம் வடிவமைத்துச் சம்பாதிக்கலாம். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதற்கும் வீடு தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் பணம். லண்டன் யு.சி.எல். பல்கலைக்கழகத்தில் உயிரியலையும் கட்டட வடிவமைப்பையும் சேர்த்துப் படிக்கவென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில், நார்த்தம்பிரியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2019-ல் இதற்கெனத் தனி ஆய்வு மையமே தொடங்கின. இவற்றைக் கேள்விப்பட்டதும் இப்போதே கல்விக் கடனுக்கு வங்கி வாசலில் நிற்க வேண்டாம். பி.ஆர்க். முடித்து இரண்டு வருடமாவது வேலை பார்த்த பிறகு, உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும். கிடைக்காவிட்டால் இங்கேயே ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கட்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடப் பொருள் சோதனைக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பயோடெக்னாலஜி துறையோடு சேர்ந்து புராஜெக்ட் செய்ய விடுவார்களா என்று அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.