நூலகக் கணினியிலிருந்து வரும் விஷமத் தொகுப்புகள்: நிரந்தரத் தடை தேவையா?

ஒரு நூலகக் கணினியிலிருந்து விக்கிப்பீடியா கட்டுரைகளில் விஷமத் தொகுப்புகள் (திருத்தங்கள்) வந்துகொண்டே இருக்கின்றன, அதை நிரந்தரமாகத் தடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நிரந்தரத் தடை கேட்காதீர்கள். அந்த நூலகத்தின் ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சில வாரத் தடை போதும், அதுவும் புகுபதியாதவர்களுக்கு, அதாவது கணக்கில் நுழையாமல் திருத்துபவர்களுக்கு மட்டும். கணக்கு உருவாக்கத்தையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த நிமிடமே புதுப் பெயரில் வந்து நிற்பார்கள்.

எச்சரித்தும் அடங்கவில்லை என்கிறீர்கள். எப்படி அடங்கும்? காலையில் பிறந்த ஆண்டைச் சரியாகத் திருத்தியவர் ஒருவர், மதியம் பத்தியை அழித்துவிட்டு ‘ஹாஹா’ என்று எழுதியவர் இன்னொருவராக இருக்கலாம். உங்கள் எச்சரிக்கையைப் படிப்பது மூன்றாவது ஆள், பாவம்.

முதலில் அந்த முகவரியின் பங்களிப்புப் பட்டியலைத் திறந்து நேரங்களைப் பாருங்கள். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும், தொடர்பே இல்லாத தலைப்புகளில் தொகுப்புகள் இருந்தால் பலர் கைபட்ட கணினிதான். ஒரே கட்டுரையையே குறிவைக்கிறார்களா? அப்படியானால் தடை எதற்கு, கட்டுரைக்குச் சில நாள் அரைப் பாதுகாப்பு (கணக்கில்லாதவர்களும் புதியவர்களும் திருத்த முடியாத நிலை) கேளுங்கள்.

ஒரு விஷயம்: தற்காலிகக் கணக்கு முறை வந்துவிட்ட விக்கிகளில் புகுபதியாதவரின் ஐபி எல்லோருக்கும் தெரியாது. அதற்குப் பதில் தானாக உருவாகும் ஒரு பெயர்தான் தெரியும். அந்தப் பெயர் உலாவியின் குக்கியோடு (உலாவி கணினியில் சேமிக்கும் சிறு தகவல்) ஒட்டியது. குக்கி அழியாத பொதுக் கணினியில் அடுத்து உட்காருபவருக்கும் அதே பெயர்தான் வரும். ஒவ்வொரு முறையும் அழித்தால், ஒரே ஆளே பல பெயர்களில் தெரிவார்.