கட்டையை அழுத்தினால் சத்தம் ஏன் லேட்டாக வருகிறது?

கேள்வி: எங்கள் ஊர் கெங்கையம்மன் திருவிழா கச்சேரிக்கு கீபோர்டு வாசிக்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் சாஃப்ட்வேர் வாத்தியம், யூஎஸ்பியில் ஒரு மிடி கீபோர்டு (எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று லேப்டாப்புக்குச் சொல்வது), ஒத்திகைக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர். கட்டையை அழுத்தினால் சத்தம் பின்னாடி வருகிறது, தவில்காரர் முறைக்கிறார். நாதஸ்வரமும் பீப்பீ மாதிரிதான் இருக்கிறது. நிஜ வாத்தியத்தைப் பதிந்து தொகுத்த பெரிய சாம்பிள் பேக் இறக்கினால் சரியாகுமா சார்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முதலில் அந்த ப்ளூடூத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி விரித்து ஒலிப்பதற்குள் 100 மில்லி செகண்டுக்கு மேல் சாதாரணமாகப் போய்விடும். வயர் போட்டாலே தவில்காரர் பாதி சமாதானமாகிவிடுவார்.

மீதி பஃபர். லேப்டாப் வினாடிக்கு 44,100 எண்களாக ஒலியைக் கணக்குப் போடுகிறது, அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்புகிறது. 1024 சேர்த்தால் 23 மில்லி செகண்ட், 256 என்றால் 6க்கும் குறைவு. விண்டோஸ் என்றால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு 256க்கு இறக்குங்கள். படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டால் லேப்டாப் திணறுகிறது, 512 போதும். அதற்கும் கீழே போக அடம்பிடிக்க வேண்டாம், பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தவிலின் சத்தமே உங்கள் காதுக்கு வர 9 மில்லி செகண்ட் ஆகிறது.

சாம்பிள் பேக்? வேண்டாம். உங்கள் ராம் தாங்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரும்பாலான பேக்குகளில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக ஊதிப் பதிந்திருப்பார்கள், நாதஸ்வரக்காரரோ சுரத்துக்குச் சுரம் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிறார். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரில் (கணக்குப் போட்டே ஒலியை உருவாக்கும் சாஃப்ட்வேர்) ஒரு சா அலையை (saw, ரம்பப் பல் வடிவ அலை) எடுத்து, கூர்மையைக் குறைக்க ஃபில்டரைக் கொஞ்சம் மூடி, ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும்படி மோனோவில் வைத்து, இடது கையைப் பிட்ச் வீலில், அதாவது சுரத்தை ஏற்றி இறக்கும் சக்கரத்தில், பழக்குங்கள். வீல் வழக்கமாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம் போகும். சி-யை ஷட்ஜமாக வைத்தால் தோடி காந்தாரம் ஈ-க்கு முந்தைய கறுப்புக் கட்டை, அதை அழுத்திக்கொண்டு வீலை முழுதாக ஏற்றினால் மத்தியமம், முழுதாக இறக்கினால் ரிஷபம். அந்த ஆட்டம் கைக்கு வந்துவிட்டால் டோன் சுமாராக இருந்தாலும் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

கேள்வி: தந்தியே இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படித் தந்தி வாத்தியம் வாசிக்கிறது? (வாசகி, ஆரணி)

பதில்: 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் வெளியிட்ட வழி ஆச்சரியமான அளவுக்குச் சின்னது. கன்னாபின்னாவென்று 100 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையாகச் சுற்றிச் சுற்றி ஒலிக்க விடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணையும் பக்கத்து எண்ணோடு சேர்த்துச் சராசரியாக்குங்கள். கூர்மையான அதிர்வுகள் முதலில் அடங்கும், நிஜத் தந்தியிலும் அப்படித்தான். கிட்டாருக்கு இது போதும். தம்புராவுக்குப் போதாது, அங்கே தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையும் அதன் மேல் செருகும் நூலும் சேர்ந்துதான் அந்த ரீங்காரத்தைத் தருகின்றன, அதைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.